வாத்துகளிடம் சொன்னவை

எனக்கு வாத்துகளைப் பிடிக்காது. இருபது வருஷம் வாத்துப் பட்டிக்குப் பத்தடி தள்ளிக் குடித்தனம் செய்தவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். முட்டைக்காகப் பொறுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஒன்று ஓடினால் எல்லாம் ஓடும், ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். எதற்கு ஓடினோம், எதற்கு நின்றோம் என்று ஒன்றுக்கும் தெரியாது.

என் வீட்டுக்காரருக்கோ அவைதான் உலகம். கல்யாணமான புதிதில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வெட்கப்பட்டு, 'இந்தா' என்பதோடு நிறுத்திக்கொண்ட மனிதர், வாத்துகளை மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுவார். "ஓஓஓ... வ்வா, வ்வா, வ்வா." முதலில் ஒரு நீளம், பிறகு மூன்று குட்டை. மூன்று வயல் தாண்டி மேய்ந்துகொண்டிருப்பவையும் அந்தச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கும். பிறகு வரப்பு, வாய்க்கால், முள் எதையும் பார்க்காமல் ஓடிவரும். அவர் வாத்துக்கு முன்னால் நடப்பாரே தவிரப் பின்னால் நின்று விரட்ட மாட்டார். கையில் இருக்கும் மூங்கில் கோல் சும்மா ஒரு அழகுக்கு.

எங்கள் ஊர் வானூரிலிருந்து மரக்காணம் போகும் பக்கம், கழுவெளியின் மேற்குக் கரையில் இருக்கிறது. மேற்கே நெல் வயல்கள். கிழக்கே ஏரி மாதிரி விரிந்து கிடக்கும் கழுவெளித் தண்ணீர், அதற்கு வடகிழக்கே உப்பளங்கள், அப்பால் கடல். எங்களிடம் முந்நூறு வாத்துகள் இருந்தன. தை மாத அறுப்பு முடிந்ததும் வயல்காரர்களே சொல்லி அனுப்புவார்கள். சிந்திய நெல்லையும் நத்தையையும் பூச்சியையும் வாத்து தின்னும், பதிலுக்கு எருப் போட்டுவிட்டுப் போகும். சாயங்காலம் வலை கட்டிய பட்டிக்குள் அடைத்தால் விடியும்போது வைக்கோலில் முட்டை கிடக்கும். தை, மாசி, பங்குனி, இந்த மூன்று மாத மேய்ச்சலில் வாத்து தேறினால்தான் அந்த வருஷம் எங்களுக்கும் தேறும்.

2005-இல் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வயல், வரப்பு, கழுவெளி எல்லாம் ஒன்றாகிப்போய் எது ஏரி, எது நிலம் என்று தெரியாமல் கிடந்தது. பட்டியின் வலை அறுந்து வாத்துகள் நாலு திசையிலும் மிதந்து போய்விட்டன. அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று நாள் கணக்காகக் கத்தினார். ஏறக்குறைய எல்லா வாத்தும் திரும்பி வந்துவிட்டன. அவர் குரல்தான் போய்விட்டது.

முதலில் கரகரப்பு என்று நினைத்தோம். மிளகு ரசம், சுக்கு, பனங்கற்கண்டு எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். கார்த்திகை போய் மார்கழி போயிற்று, கரகரப்பு போகவில்லை. வாத்து வளர்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பெண் வாத்துதான் கணீரென்று கத்தும். ஆண் வாத்துக்குக் குரலே கிடையாது, காற்றுப் போன டயர் மாதிரி ஒரு சத்தம்தான் வரும். டீக்கடையில் யாரோ, "இன்னா, நீயும் ஆம்பள வாத்து ஆயிட்டியா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் வந்து சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

பொங்கல் கழிந்து புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், குரல் நாணில் சின்னதாக ஒரு சதை வளர்ச்சி இருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்றார்.

"இன்னா வேலை பண்றாரு?"

"வாத்து மேய்க்கறாரு சார்."

"வாத்து மேய்க்கறதுக்கு எதுக்கும்மா தொண்டை?"

அவருக்கு எப்படி விளக்குவது? சதையை எடுத்தார்கள். எடுத்த துண்டைச் சோதனைக்கு அனுப்பினார்கள். முதல் பதினைந்து நாள் ஒரு சொல் பேசக் கூடாது, குசுகுசு என்றுகூடப் பேசக் கூடாது. அதற்குப் பிறகு மெதுவாக ஒன்றிரண்டு பேசலாம், ஆனால் சித்திரை வரை சத்தம் போட்டுக் கூப்பிடவே கூடாது. மீறினால் இருக்கிற குரலும் போய்விடும் என்றார் டாக்டர். குரல் பழையபடி வருமா என்று கேட்டதற்கு, "பார்க்கலாம்மா" என்றார். டாக்டர்கள் சொல்லும் 'பார்க்கலாம்' எனக்குப் பிடிப்பதில்லை.

பஸ்ஸில் வரும்போது அவர் என் உள்ளங்கையில் விரலால் எழுதினார். 'வித்துடலாமா.'

கேள்விக்குறி போடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாத்துகளை விற்றுவிட்டால் இந்த மனுஷன் பாயைவிட்டு எழுந்திருக்க மாட்டார் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. சித்திரை வரை அந்தக் கூட்டத்தைக் கலையாமல், சாகாமல் காப்பாற்றி அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். வேறு வழி இல்லை.

"நான் மேய்க்கறேன். நீங்க வாய மூடிக்கினு இருங்க, போதும்," என்றேன்.

வாய் விட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கு வாத்தைக் கூப்பிடக்கூடத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது.

மறுநாள் காலையில் பட்டியைத் திறந்து, அவர் மாதிரியே முன்னால் நடந்து, "ஓஓஓ... வ்வா, வ்வா, வ்வா" என்றேன். முந்நூறு வாத்தும் என்னைப் பார்த்தன. பிறகு ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. வாசலில் நின்றிருந்த அவர் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்புச் சத்தமும் வரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாரா என்று ஞாபகமில்லை, நான் முறைத்ததில் நிறுத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலமே அடுப்படியில் நின்று அந்தக் கூப்பாட்டைப் பழகினேன். நீளம் சரியில்லை என்றால் அவர் கையை இழுத்துக் காட்டுவார், குட்டை சரியில்லை என்றால் விரலைச் சொடுக்குவார். மறுநாள் அவர் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போனேன். பத்து நிமிஷம் பின்னால் வந்தன. எனக்கோ ராஜநடை. அதற்குள் ஒரு வாத்து நின்று கழுத்தை நீட்டி, என்னை மேலும் கீழும் பார்த்தது. அது நின்றதும் எல்லாம் நின்றுவிட்டன. பிறகு திரும்பி வீட்டைப் பார்க்க நடந்தன. வேலியோரம் உட்கார்ந்திருந்தவரிடம் போய் நின்றன. அவர் கோலை எடுத்துக்கொண்டு தானே வயல் வரை நடந்து வந்து, அவை மேய ஆரம்பித்த பிறகு, அங்கேயே நின்றால் வாய் தானாகத் திறந்துவிடும் என்று நழுவிப் போனார். அவர் நடந்தால் போதும், வந்துவிடும். ஆனால் வயலில் கலைந்துவிட்டால் குரல் இல்லாமல் சேர்க்க முடியாது. அங்கேதான் நான் தவித்தேன்.

நாலாம் நாள் அந்த விபரீதம் நடந்தது.

உப்பளத்தை ஒட்டிய வயலில் அறுப்பு முடிந்திருந்தது. வாத்துகளை அங்கே விட்டிருந்தேன். வரப்பு தாண்டினால் உப்புத் தண்ணீரைத் தேக்கிவைக்கும் பெரிய பாத்தி. மழை ஓய்ந்து உப்புப் பருவம் ஆரம்பிக்கும் சமயம் அது. தூரத்துப் பாத்திகளில் ஆட்கள் வரிசையாக நின்று களிமண் தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பெரிய பாத்தியில் பூநாரைகள் இறங்கியிருந்தன. அவையும் காலால்தான் சேற்றை மிதிக்கின்றன. நின்ற இடத்திலேயே மிதித்து மிதித்துச் சுற்றி, கலங்கிய தண்ணீரில் மூக்கைத் தலைகீழாக வைத்து அரித்தெடுக்கின்றன. அவை கிளப்பிவிடுவதைப் பொறுக்கக் கொக்குகள் பின்னாலேயே நின்றன. பக்கத்தில் காட்டு வாத்துகள் வாலைத் தூக்கிக்கொண்டு முங்கின.

எங்கள் வாத்துகள் அதைப் பார்த்துவிட்டன. காட்டு வாத்து ஒன்றும் இவற்றைக் கூப்பிடவில்லை. ஆனால் ஒருத்தன் குனிந்து மும்முரமாக எதையாவது தின்றால், அங்கே தீனி இருக்கிறது என்றுதானே அர்த்தம்? கல்யாணப் பந்தியில் நாமும் அப்படித்தானே வடை எந்தப் பக்கம் வருகிறது என்று பார்க்கிறோம்? முன்னால் ஏழெட்டு வரப்பேறின. மிச்சம் அவற்றின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடின. நான் கூப்பிட்டேன், கத்தினேன், கோலை வீசினேன். ஒன்றும் திரும்பவில்லை. முந்நூறும் உப்புத் தண்ணீரில் இறங்கிவிட்டன.

பாத்தி மிதித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். பெண்கள் இரண்டு பேராகப் பழைய கோணிகளை விரித்துப் பிடித்து, சுவர் மாதிரி நெருக்கி, ஒரு மூலை வழியாக வாத்துகளை மேலே ஏற்றினார்கள். உப்பள மேஸ்திரி என்னைக் கேட்ட கேள்வி நியாயமானதுதான்.

"ஏம்மா, காட்டுப் பறவைக்கு அது பழக்கம். வூட்டு வாத்து இந்தத் தண்ணியக் குடிச்சா நிக்குமா? உங்க வூட்டுக்காரரு எங்கே?"

"அவருக்குத் தொண்டை சரியில்லீங்க."

"அதுக்கு உன்ன அனுப்பிச்சாரா? நல்லா அனுப்பிச்சாரு போ!"

வீட்டுக்கு ஓட்டிவந்து நல்ல தண்ணீர் வைத்தேன். இரண்டு நாளில் ஒன்பது செத்தன. அவர் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார். பேச முடியாத அந்த நாட்களில் ஒரு தட்டுத் தட்டினால் தண்ணீர், இரண்டு தட்டினால் டீ என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. அன்றைக்கு ஒரு தட்டும் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. குழியை மூடிவிட்டு வந்து என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் நான் வாத்துகளைப் பார்க்க ஆரம்பித்தேன். அதுவரை பார்த்ததே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

எல்லா நாளும் ஒரே வாத்து முன்னால் போவதில்லை. முந்தின நாள் சரியாகத் தின்னாதவைதான் காலையில் முன்னால் பாய்கின்றன. வயிறு நிறைந்தவை பின்னால் ஆடி அசைந்து வருகின்றன. ஒன்று நத்தையைக் கண்டுபிடித்தால் அது யாருக்கும் சொல்லாது. சொல்ல வேண்டியதும் இல்லை. கழுத்து குனிகிற வேகத்திலேயே பக்கத்தில் இருப்பவற்றுக்குத் தெரிந்துவிடும். அதைப் பார்த்து அடுத்தது, அடுத்ததைப் பார்த்து இன்னொன்று. கண் மூடித் திறப்பதற்குள் அந்த மூலையில் கூட்டம் கூடிவிடும். தீனி நிறைய இருந்தால் கீழ்க்குரலில் ஒரு முனகல் கேட்டுக்கொண்டே இருக்கும், அரிசி கொதிக்கிற மாதிரி. அந்தச் சத்தம் நின்றால் தீனி தீர்ந்தது என்று அர்த்தம். உடனே இடம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அவை தானாக மாற்றிக்கொள்ளும்.

கால் விரல் உடைந்த நொண்டி வாத்து ஒன்று இருந்தது. எப்போதும் கடைசியில்தான் வரும். அதைப் பார்த்து முதலில் பரிதாபப்பட்டேன். பிறகு கவனித்தால் அந்தக் கள்ளி எல்லாவற்றையும்விடக் கொழுப்பாக இருந்தாள். முன்னால் ஓடுகிறவை அவசரத்தில் விட்டதையெல்லாம் நிதானமாகப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

இப்படிப் பார்த்துப் பார்த்து மேய்க்கத் தெரிந்துகொண்டேன். கூப்பிடத்தான் தெரியவில்லை. அவர் கூப்பாட்டை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக என்ன செய்தேன் என்றால், திட்டினேன்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. வீட்டில் பதில் பேச ஆள் இல்லை, அவர் மனசு நோகும்படி எதுவும் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே வேறு கட்டளை போட்டிருந்தேன். ஆகவே பட்டியைத் திறந்ததிலிருந்து அடைக்கும் வரை வாத்துகளிடம்தான் பேசினேன். "எங்கடி போறீங்க மூதேவிங்களா, நேத்து தின்னது செரிக்கலியா?" என்று ஆரம்பித்தால், என் நாத்தனார் எங்கள் கல்யாணத்தில் செய்த காரியம் முதல் மகள் மாமியாரிடம் படும் பாடு வரை போகும். நல்ல மேய்ச்சல் கண்ணில் பட்டால், "இந்தா கெடக்குது, வந்து கொட்டிக்கோங்கடி" என்பேன். சாயங்காலம் பட்டியில் நெல் தூவும்போதும் திட்டிக்கொண்டுதான் தூவுவேன்.

அந்தச் சோதனை முடிவு வரும்வரைக்கும் வேறொன்றும் சொன்னேன். அவர் தொண்டையில் இருந்தது அந்த வியாதியாக இருந்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்று வாத்துகளைத்தான் கேட்டேன். வயல் நடுவில் நின்று கேட்டு அழுதுவிட்டு, வாய்க்காலில் முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். வந்ததும் டீ போட்டுக் கொடுத்து, ஒன்றும் இருக்காது என்று அவரிடம் தைரியமாகச் சொல்வேன். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. அதையும் மறுநாள் காலை வாத்துகளிடம் சொன்னேன், திட்டித்தான் சொன்னேன்.

பங்குனி பிறந்தது. வயல்களில் பொறுக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. கழுவெளியில் தண்ணீர் வற்றி, அங்கங்கே குட்டைகளாக நின்றது. மீன்குஞ்சும் நத்தையும் அந்தக் குட்டைகளில் நெருங்கிக் கிடந்ததால் எல்லாப் பறவையும் அங்கேதான். நானும் அங்கேதான் ஓட்டிப்போனேன்.

அன்று காலை பத்து மணி இருக்கும். புதருக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டையிலிருந்து அந்த அரிசி கொதிக்கிற சத்தம் கேட்டது, ஆனால் பெரிய பானை. எனக்குக் கேட்பதற்கு முன்பே எங்கள் வாத்துகளுக்குக் கேட்டுவிட்டது. பாய்ந்து போய்விட்டன. நான் மூச்சிரைக்கப் போய்ப் பார்த்தபோது எண்ணூறு வாத்துக்கு நடுவில் எங்களுடையவை கலந்து, தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே பழுப்பு. எது எங்களது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கரையில் ஒரு ஆள் நின்றிருந்தார். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வாத்து ஓட்டிக்கொண்டு வந்தவர். ஐம்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் அவருக்கும் முகம் மாறியது.

"இன்னாம்மா, கலந்துபோச்சே! அடையாளம் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"றெக்கையில சாயம் தடவனோம். தண்ணியில போயிடுச்சிங்க."

"எனக்கும் அதேதான். சரி, பரவால்ல. கூப்பிட்டுப் பிரிச்சிக்கலாம். உங்க ஆளு எங்கே?"

வாத்துக்காரர்களுக்குள் இது வழக்கம். கூட்டம் கலந்துவிட்டால் ஆளுக்கொரு கரையில் நின்று அவரவர் குரலில் கூப்பிடுவார்கள். எந்த வாத்து யாரிடம் போகிறதோ அது அவருடையது. அதற்கு மேல் பேச்சில்லை. கையால் பிடிக்கக் கூடாது, கோலால் தள்ளக் கூடாது. யாரிடமும் போகாமல் நின்றுவிட்டால், பெரிய கூட்டத்தோடு தானாகப் போய்விடும். அதைத் திருட்டு என்றும் சொல்ல முடியாது.

அந்த வழியாகச் சைக்கிளில் போன ஒருவரிடம் சொல்லி அனுப்பினேன். என் வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். விஷயத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. எதிர்க்கரையில் செங்கல்பட்டுக்காரர் ஏற்கெனவே கூப்பிட ஆரம்பித்திருந்தார். அவர் கூப்பாடு நாக்கை மடித்துச் செய்யும் ஒரு விசில். தண்ணீரில் நூற்றுக்கணக்கான தலைகள் நிமிர்ந்து அந்தப் பக்கம் நகர்ந்தன. எங்களுடையவையும் அவற்றோடு சேர்ந்து நகர்வது போலத்தான் இருந்தது. பக்கத்தில் இருப்பது நகர்ந்தால் தானும் நகர்வதுதானே அவற்றின் புத்தி.

என் வீட்டுக்காரர் கோலைத் தூக்கிக்கொண்டு கரையில் மேலும் கீழும் நடந்து பார்த்தார். அவ்வளவு கூட்டத்தில் எந்த வாத்துக்கு அது தெரியும்? நின்றார். மார்பு நிறைய மூச்சை இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. எனக்குப் புரிந்துவிட்டது. பாய்ந்துபோய் அவர் வாயைக் கையால் பொத்தினேன்.

"தொறக்காதீங்க! வாத்து போனா போவட்டும்!"

அவர் என் கையை விலக்கப் பார்த்தார். நான் விடவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. இருபது வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன்.

பொத்திய கையை எடுக்காமலே, "ஓஓஓ... வ்வா, வ்வா, வ்வா" என்றேன். ஒன்றும் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். எதிர்க்கரைப் பக்கமாகக் கூட்டம் நகர்ந்துகொண்டே இருந்தது. எனக்கு ஆற்றாமையில் உடம்பெல்லாம் எரிந்தது. அப்போதுதான் என் வாய் திறந்துகொண்டது.

"இன்னாடி பாக்கறீங்க, நன்றி கெட்டதுங்களா! அம்பது நாளா உங்க பின்னாடி நாயா அலைஞ்சேனே, வெயிலப் பாத்தேனா, சேத்தப் பாத்தேனா? எவனோ விசில் அடிச்சா போயிடுவீங்களா? இந்த மனுஷன் உங்களுக்காகத்தானே மழையில நின்னு கத்திக் கத்தித் தொண்டையத் தொலச்சாரு! துண்டு வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பிச்சாங்களே, அந்தப் பத்து நாளு நான் யாருகிட்டடி அழுதேன்? இவருக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் இருக்கமாட்டேன்னு யாருகிட்ட சொன்னேன்? பெத்த பொண்ணுகிட்டகூடச் சொல்லலியே, உங்ககிட்டதானே சொன்னேன்! எல்லாம் தெரிஞ்சிக்கினு போறீங்களேடி!"

நொண்டிதான் முதலில் திரும்பினாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டாள். பிறகு என் பக்கமாக நீந்த ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் ஒன்று, அதன் பின்னால் நாலு. கூட்டத்துக்கு நடுவில் ஒரு வகிடு எடுத்த மாதிரி தண்ணீர் பிரிந்தது. நான் திட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் நின்றுவிடுமோ என்று பயம். மூச்சு வாங்கிக்கொண்டு நாத்தனாரை இழுத்தேன், மகளின் மாமியாரை இழுத்தேன். வாத்துகள் கரையேறி என் காலைச் சுற்றி நின்று, திட்டு வந்துவிட்டது, நெல் எங்கே என்பது போல அண்ணாந்து பார்த்தன.

எதிர்க்கரையிலிருந்து செங்கல்பட்டுக்காரர் கும்பிட்டார்.

"போதும்மா, உங்க வாத்து மொத்தமும் வந்துடுச்சி. இன்னும் கொஞ்சம் திட்டனீங்கன்னா என்னுதும் வந்துடும்!"

நான் சிரித்துக்கொண்டே திரும்பினேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவர் வாயிலிருந்து என் கை எப்போது விலகியது என்று தெரியவில்லை. நான் வாத்துகளிடம் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்பதை அன்றுதான் அவர் கேட்டார். வீடு வரை என் பக்கத்திலேயே நடந்து வந்தார். எப்போதும் பத்தடி முன்னால் நடக்கிற மனிதர்.

சித்திரையில் டாக்டர் கூப்பிட அனுமதி கொடுத்தார், மெதுவாக, கொஞ்சமாக. மறுநாள் காலை அவர் சட்டையை மாற்றிக்கொண்டு, கோலை எடுத்துக்கொண்டு பட்டி வாசலில் போய் நின்றார். நான் துடைப்பத்தோடு வீட்டு வாசலில் நின்றேன்.

"ஓஓ... வ்வா... வ்வா."

பழைய குரல் இல்லை. நடுவில் கிழிந்து, பாதியில் காற்றாகப் போனது. நீளம் நீளமாக இல்லை. வாத்துகள் தலையைத் தூக்கின. தூக்கிவிட்டு, எல்லாமாகத் திரும்பி என்னைப் பார்த்தன.

அவர் கோலைச் சுவரில் சாய்த்து வைத்தார். "அதுங்க உன்னுது ஆயிடுச்சி," என்றார் அந்தக் கிழிந்த குரலில். "நல்லதுதான். நீயே ஓட்டிக்கினு போ." சொல்லிவிட்டுச் சிரித்தார். டீக்கடைக் கதையைச் சொன்ன அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. சித்திரை வரை காப்பாற்றி அவர் கையில் கொடுப்பதாகத்தானே கோலை எடுத்தேன்? கூட்டத்தைக் காப்பாற்றி, அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டேனா? எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

கோலை எடுத்து அவர் கையில் திணித்தேன். அன்றிலிருந்து வாத்து கேட்கும் தூரத்தில் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பேசாமல் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் அவர் முன்னால் நடப்பார், நான் உதட்டைக் கடித்துக்கொண்டு கடைசியில் நொண்டியோடு நடப்பேன். மேய்ச்சல் கண்ணில் பட்டால் அவர் கையைத் தொட்டுக் காட்டுவேன், அவர் கூப்பிடுவார். சாயங்காலம் அவர் கூப்பிட்டால்தான் நெல், இல்லாவிட்டால் இல்லை. முறத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். எனக்கும் தொண்டையில் ஆபரேஷனா என்று ஊரில் கேட்டார்கள். தலையை ஆட்டிவைத்தேன். வீட்டுக்குள் பேசினாலும் பட்டி வரை கேட்கும் என்பதால் தண்ணீருக்கு ஒரு தட்டு, டீக்கு இரண்டு தட்டு. இந்தத் தடவை தட்டியவள் நான்.

முதல் நாலு நாள் வாத்துகள் அவர் குரலைக் கேட்டன, என்னைப் பார்த்தன. ஆறாம் நாள் முன்னால் போகும் பசித்தவை மட்டும் அவர் பின்னால் போயின. அவற்றைப் பார்த்து மற்றவை தயங்கித் தயங்கி நடந்தன. நொண்டிதான் கடைசிவரை என் புடவைக் கரையைக் கொத்திக்கொண்டு நின்றாள். அவளிடமாவது ஒரு வார்த்தை பேசலாம் என்று நாக்கு துடித்தது. பேசவில்லை.

பதினோராம் நாள் காலை நான் பட்டியைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றேன். அவர் அரைப் பர்லாங்கு தள்ளி வரப்பில் ஏறி நின்று கூப்பிட்டார். அதே கிழிந்த குரல், அதே பாதிக் காற்று. வாத்துகள் மொத்தமும் என் காலை இடித்துக்கொண்டு, என் பாதத்தை மிதித்துக்கொண்டு ஓடின. நொண்டியும் தத்தித் தத்தி ஓடினாள். ஒன்றுகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வாத்துகளுக்கு நடுவில் நின்று அவர்தான் திரும்பிப் பார்த்தார். கையை ஆட்டினார்.

"இந்தா," என்றார். "போதும், இப்பப் பேசு."

பதினோரு நாளாகச் சேர்த்துவைத்தது நெஞ்சு முட்ட இருந்தது. வாயைத் திறந்தேன். வாத்துகளிடம் அவ்வளவு கொட்டிய வாய்க்கு, அவரிடம் சொல்ல ஒரு சொல்லும் வரவில்லை.